ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகள்

(பங்குக் குடும்ப விழாவில் ஒரு தம்பதியர் ஆற்றிய உரை)



குடும்ப விழாவில் பேசுவதற்கு ஐம்பது வருடம் இல்லறம் நடத்திய தம்பதிகளைத்தான் வழக்கமாக அழைப்பார்கள். எங்கள் இல்லறத்துக்கு வயது பதினான்கு மாதம். ஆனால் எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் 124 வருகிறது. "அந்தக் கணக்கே போதும், வந்து பேசுங்கள்" என்று சாமியார் சொல்லிவிட்டார். இதை யூபிலி மலரிலும் அச்சடிக்கப் போகிறார்களாம். ஆகவே வார்த்தைகளை அளந்துதான் பேசவேண்டியிருக்கிறது.

எங்கள் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். எங்களில் ஆண்பிள்ளை மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். மனைவியை இழந்து ஒன்பது வருடம். பெண்பிள்ளை ஓர் அரசுப் பள்ளி ஆசிரியரின் விதவை. பதினான்கு வருடம் மாமியாரைப் பார்த்துக்கொண்டு ஒற்றையாக இருந்தவர். வின்சென்ட் தே பவுல் சபையார் நோயாளிகளைச் சந்திக்கப் போகும் முறையில் அந்த வீட்டுக்கும் போவார்கள். மாமியாருக்கு மாதாமாதம் இராசிபுரத்திலிருந்து மருந்து வாங்கி வருவது எங்களில் ஆண்பிள்ளையின் பொறுப்பாயிற்று. நான்கு வருடம் மருந்தும் சீட்டும் மீதிச் சில்லறையும் கைமாறியதைத் தவிர வேறொன்றுமில்லை. மீதிச் சில்லறையில் ஒரு ரூபாய்கூடத் தவறியதில்லை என்பதைப் பெண்பிள்ளை கவனித்திருக்கிறார். மருந்து வரும் நாளில் காப்பிக்குச் சர்க்கரை குறைவாகவே விழுகிறது, தமக்கு நீரிழிவு என்பதை யாரோ நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதை ஆண்பிள்ளையும் கவனித்திருக்கிறார். காதல் என்ற சொல்லை இந்தக் கோயில் முற்றத்தில் நின்று சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்களே பொருத்தமான சொல்லைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேச்சை எடுத்தவர் மாமியார்தான். 2019 டிசம்பர் 28 அன்று கேரளத்தில் திருச்சூர் இராமவர்மபுரம் அரசு முதியோர் இல்லத்தில், அங்கேயே தங்கியிருந்த அறுபது கடந்த இருவருக்குத் திருமணம் நடந்தது. மாநில அமைச்சர் ஒருவர் முன்னின்று நடத்திவைத்தார். பேத்தி கைப்பேசியில் அதைக் காட்டியபோது கிழவி ஒன்றும் பேசவில்லையாம். வெகுகாலம் கழித்து ஒரு மழைநாள் சாயங்காலம், மருந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "நான் கண்ண மூடிட்டா இவளுக்குப் பேச்சுத் துணைக்கு ஆரு இருக்கா? நீங்களும் அங்க தனியாத்தான சோறு பொங்கித் திங்கறீங்க. கோயில்ல வெச்சுக் கட்டிக்கிட்டாத்தான் என்ன?" என்று கேட்டுவிட்டார். எங்கள் இருவருக்கும் தலை நிமிரவில்லை. மறுநாள் சாமியாரிடம் போனதும் அவர் ரூத்து ஆகமத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். அதிலும் விதவை மருமகளுக்கு மறுவாழ்வு தேடியவள் மாமியார் நகோமிதான். போவாஸும் வாலிபரல்ல. இன்னொன்றையும் சாமியார் சுட்டிக் காட்டினார்: போவாஸ் அந்தக் காரியத்தை இரவோடு இரவாக முடிக்கவில்லை. ஊர்வாசலில் பத்துப் பெரியவர்களை உட்காரவைத்து, எல்லார் காதிலும் விழும்படி முடித்தார்.

இதை எதற்குச் சொல்கிறோம் என்றால், எங்கள் கலியாணத்தில் எழுந்த பெரிய வழக்கே அதுதான். கலியாணம் சிறிதாக இருக்கவேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் 'சிறிது' என்று நாங்கள் சொன்னதும், உறவினர் பலர் 'மறைவு' என்று புரிந்துகொண்டார்கள். "வேளாங்கண்ணிக்குப் போய் விடியற்காலைப் பூசையில் முடித்துக்கொண்டு வந்துவிடலாம், ஊருக்குத் தெரியவே வேண்டாம்" என்றார் ஒரு பங்காளி. "ஓலை வாசிக்காமலிருக்க விலக்குக் கேளுங்கள்" என்றார் இன்னொருவர். அவர்கள் எங்கள்மேல் பிரியமுள்ளவர்கள்தான். எங்கள் மானத்தைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னார்கள். ஆனால் காப்பாற்றப்படவேண்டிய அளவுக்கு எங்கள் மானத்துக்கு என்ன வந்தது?

எங்களில் பெண்பிள்ளைக்கு ஒரு சின்னப்பாட்டி இருந்தார். இருபத்திரண்டு வயதில் விதவையாகி மறுபடி மணந்தவர். "என் ரெண்டாங் கலியாணத்துக்கு மந்திரிப்புப் பாதிதான்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். நாங்கள் அதைக் கிழவியின் புலம்பல் என்று நினைத்திருந்தோம். சாமியாரைக் கேட்டபோதுதான் அது மெய் என்று தெரிந்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், கற்புள்ள விதவை வாழ்வே அதிக மதிப்புக்குரியது என்று கூறிவிட்டு, மறுமணமும் செல்லும், அதில் தவறில்லை என்றது. அடுத்த விதியிலேயே, முந்திய திருமணத்தில் சிறப்பு மணவாழ்த்து ஆசீரைப் பெற்ற பெண் அதை மறுபடி பெறமுடியாது என்றது. கவனியுங்கள், பெண் என்றுதான் இருந்தது! மனைவியை இழந்தவன் கன்னிப் பெண்ணை மணந்தால் அந்தத் தடை இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கக் காலத்தில், 1964 செப்டம்பர் 26 அன்று வெளியான திருவழிபாட்டு அறிவுரை இதை மாற்றியது: மணமக்களில் ஒருவரோ இருவருமோ மறுமணம் செய்பவராயிருந்தாலும் அந்த ஆசீரைக் கொடுக்கவேண்டும் என்றது. 1965 மார்ச் 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. புனித சின்னப்பரோ கணவனை இழந்தவள் ஆண்டவருக்குள் தான் விரும்பியவரை மணக்கச் சுதந்திரமுள்ளவள் என்று முதல் நூற்றாண்டிலேயே கொரிந்தியருக்கு எழுதிவிட்டார். சின்னப்பாட்டிக்குக் கிடைக்காதது எங்களுக்குக் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு, அதை வேறூரில் இருட்டில் போய் வாங்கிவர எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே ஓலை நம் கோயிலிலேயே வாசிக்கட்டும் என்றோம். முதல் ஓலை உயிர்ப்பு ஞாயிறன்று அமைந்துவிட்டது! வருடத்தில் கோயில் நிரம்பி வழியும் நாள். பெயர்கள் வாசிக்கப்பட்டதும் பீடத்தைப் பார்க்கவேண்டிய கண்களெல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. பின் வரிசையில் சில பிள்ளைகள் சிரித்ததும் கேட்டது. எங்களில் பெண்பிள்ளை அன்று பூசை முடியுமுன் எழுந்து போய்விட எண்ணினார். பக்கத்திலிருந்த மாமியார் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் ஞாயிறு திரும்பியவர்கள் குறைவு. மூன்றாம் ஞாயிறு ஒருவரும் திரும்பவில்லை. அன்று மாலை நம் பங்கின் விதவைத் தாய்மார் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை, கலியாணப் புடவையைக் காட்டச் சொல்லித் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

புடவையைப் பற்றி ஒரு வார்த்தை. கோயிலில் மணப்பெண்ணுக்கு வெள்ளை அழகு. நம் ஊரிலோ வெள்ளை கைம்பெண்ணின் நிறம். பதினான்கு வருடம் வெளிறிய சேலை கட்டியவர் எந்த வெள்ளையைக் கட்டுவது? கடைசியில் இளம்பிள்ளையிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று வந்தது. தாலிக்குத்தான் நெடுநேரம் பேச்சு நடந்தது. பழைய தாலியை உருக்கிப் புதிதில் சேர்க்கலாம் என்றார் ஒரு அத்தை. மகள் ஒப்பவில்லை, "அது எங்கப்பா கட்டினது" என்றாள். சரிதான். அது அவளிடமே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டோம். சிலுவை பொறித்த சிறு தாலி ஒன்றைப் புதிதாகச் செய்து, மஞ்சள் கயிற்றில் கோத்தோம். விரலியும் உருண்டையும் பனங்காளியும் மூட்டை மூட்டையாக ஏலம் போகும் ஊரில் கயிற்றுக்குப் பூச மஞ்சளுக்கா பஞ்சம்? வாழ்நாளெல்லாம் பிறர் மஞ்சளுக்குக் கணக்கெழுதிய ஆண்பிள்ளை, விரலிக் கிழங்கொன்றைத் தாமே தேர்ந்தெடுத்துக் கல்லில் உரசினார்.

கலியாணம் ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்கு. செவ்வாய் மஞ்சள் ஏலநாள், மண்டிக்காரர்கள் வரமாட்டார்கள். அழைப்பிதழில் யார் அழைப்பது என்று ஒரு சிக்கல். பெற்றோர் இல்லை. பிள்ளைகள் தாய் தகப்பனுக்குப் பத்திரிகை அடிப்பதா? "என் பேரைப் போடுங்க" என்று மாமியார் தீர்த்துவைத்தார். தன் மருமகளின் திருமணத்துக்கு மாமியார் அழைக்கும் பத்திரிகையை அச்சகத்தார் மூன்று முறை திருப்பிக் கேட்டுத்தான் அடித்தார்கள். நாற்பத்தைந்து பேருக்குக் கொடுத்தோம், அறுபத்தொரு பேர் வந்தார்கள். பொங்கல், வடை, கேசரி, காப்பி. மேளம் இல்லை. நாதசுர வித்துவான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனால் உலகறிந்த ஊரில் மேளமில்லாக் கலியாணமா என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டுத் தம் கைப்பேசியில் அந்த மேதையின் கலியாணியைப் போட்டுவிட்டார். அதுவும் நன்றாகவே இருந்தது.

மொய் வேண்டாம் என்று பத்திரிகையில் போட்டோம். அதனால் வந்த மனத்தாங்கல் கொஞ்சமல்ல. முப்பது வருடமாக நாங்கள் இருவரும் வைத்த மொய் ஊரெல்லாம் கிடக்கிறது. "எங்க கடன எப்பத்தான் தீர்க்கறது?" என்று சண்டைக்கே வந்தார்கள். பேரப்பிள்ளைகளின் புதுநன்மைக்கு வையுங்கள் என்று சமாதானம் செய்தோம்.

அதற்கு முன் திருமண ஆயத்தப் பயிற்சிக்கும் போனோம். உங்களுக்கு வேண்டாமே என்றார்கள். எல்லாருக்கும் உள்ளது எங்களுக்கும் இருக்கட்டும் என்றோம். நாங்கள் உள்ளே நுழைந்ததும் ஒரு தம்பி எங்களை வகுப்பெடுக்க வந்தவர்கள் என்று எண்ணி எழுந்து வணக்கம் சொன்னார். பிள்ளைப்பேறு பற்றிய பாடத்தின்போது எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஆனால் அன்றுதான் ஒன்று கேட்டோம்: தம்பதியரின் நலனும் திருமணத்தின் நோக்கமென்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பிள்ளை பெறும் வயது கடந்திருப்பது தடையல்ல என்பதும் தெரிந்தது.

இனி, சிரிக்க முடியாத இரண்டு விஷயங்கள். மறுமணத்தை நினைக்கும் முதியோர் யாராவது இங்கே இருந்தால், இவற்றுக்காகவாவது எங்கள் பேச்சைக் கேட்கவேண்டும்.

ஒன்று, சொத்து. மூத்த மகன் திருப்பூரிலிருந்து வந்து ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, "ஏனுங்கப்பா, வீடு என்னாகும்?" என்றான். ஊரார் அவனைக் கல்நெஞ்சன் என்றார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. மனதிலேயே வைத்துப் புழுங்குவதைவிடக் கேட்டது நல்லது. வக்கீலிடம் போனோம். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். கணவன் உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளைகள் இருக்கையில், விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. உயில்தான் முன்பே எழுதியிருக்கிறதே என்றோம். வக்கீல் சிரித்தார். கிறிஸ்தவர் ஒருவர் திருமணம் செய்துகொண்டாலே அவர் முன்பு எழுதிய உயில் ரத்தாகிவிடுமாம்! பெட்டியில் பூட்டி வைத்திருந்தது வெறுங்காகிதமாகப் போயிருக்கும். ஆகவே மணமான பதினைந்தாம் நாள் இருவரும் புது உயில் எழுதி, இரண்டு சாட்சிகள் வைத்துப் பதிவு செய்தோம். வீடு ஆண்பிள்ளையின் மகன்கள் இருவருக்கும். அதில் பெண்பிள்ளை தம் ஆயுள்வரை குடியிருக்க உரிமை. பெண்பிள்ளையின் நகையும் காணிப் பங்கும் அவர் மகளுக்கு. வாசித்துக் காட்டியபோது மூத்தவன் அழுதுவிட்டான். அவன் கேட்டது வீட்டைப் பற்றி மட்டுமல்ல, தன் தாயின் நினைவு அந்த வீட்டில் நிற்குமா என்பதையும்தான். அவருடைய படம் அதே சுவரில் இருக்கிறது. முதல் கணவரின் படமும் பக்கத்தில் வந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டாவது, ஓய்வூதியம். அரசு ஊழியரின் விதவைக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் மறுமணத்தோடு நின்றுபோவது தமிழக அரசு விதி. அந்தத் தொகைதான் அந்த வீட்டின் அரிசியும் மருந்தும். "தாலியை வீட்டில் கட்டிக்கொள்ளுங்கள், எங்கும் எழுதவேண்டாம், பணம் வந்துகொண்டேயிருக்கும்" என்று நல்ல மனதோடு சொன்னவர்கள் உண்டு. பொய் சொல்வானேன், இரண்டு இரவு அதை யோசித்தோம். காகிதத்தில் வரவு செலவு போட்டுப் பார்த்தோம். குத்தகைக்கு விட்ட ஒன்றரை ஏக்கரும், மண்டிச் சேமிப்பின் வட்டியும்தான் வரவு, துண்டு விழுந்தது. ஆனால் எழுதாத கலியாணம் என்றால், பிற்பாடு ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் மற்றவர் யார் என்று சொல்வது? மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது? ஓய்வூதியத்தை நிறுத்தச் சொல்லி நாங்களே கடிதம் எழுதிக் கொடுத்தோம். இதைத் தியாகம் என்று யாரும் பாராட்டவேண்டாம். மாதக் கடைசியில் இன்னும் உறைக்கத்தான் செய்கிறது. சொந்தமாக வரும்படியில்லாத ஒரு விதவைத் தாய்க்கு, இதையே செய் என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை. 1975 முதல் தமிழக அரசு டாக்டர் தருமாம்பாள் பெயரால் விதவை மறுமணத்துக்கு நிதியுதவி செய்துவருகிறது. அது இளம் வயதினரை எண்ணி ஏற்பட்டது. வயதானவர்களை எண்ணி எவரும் இன்னும் கணக்குப் போடவில்லை போலும்.

அன்று காலை மணவாழ்த்து ஆசீர் கூறப்பட்டபோது எங்களில் பெண்பிள்ளை சின்னப்பாட்டியை நினைத்தார். ஆண்பிள்ளை, உண்மையைச் சொன்னால், முழங்கால் வலியை நினைத்தார். எழுந்திருக்கக் கைகொடுத்தது மணப்பெண்தான். அதற்கு மறுபடி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பில் நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

மாமியார் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். நடக்க முடியாததால் இன்று வரவில்லை. "நீட்டி முழக்காதீங்க, எட்டு மணிக்கு எனக்கு மாத்திர" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். இப்போதே ஏழரை ஆகிவிட்டது.