கொடைக்கானலுக்குப் போற பாப்பாவும் மூணாவது நாள் இருமலும்

போன எபிசோடுக்கு அப்புறம் அதிகமா வந்த கேள்வி இது: "டாக்டர், கைக்குழந்தையைக் கொடைக்கானலுக்குக் கூட்டிட்டுப் போகலாமா? குளிர்ல நிமோனியா வந்துடாதா?"

குளிர் மட்டும் நிமோனியாவைக் கொண்டு வராது. கிருமி வேணும். ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகள் மூச்சுத்திணறலோட வார்டுல சேர முக்கியமான காரணம் ஆர்.எஸ்.வி. என்கிற வைரஸ். நமக்கு அது சாதாரண ஜலதோஷம். பாப்பாவோட நுரையீரலுக்குள்ள போற கடைசிக் குழாய்கள் ரொம்ப மெல்லிசு. அது வீங்கி, சளியும் அடைச்சா காத்து போக வழி இல்லை. 2025 ஜனவரியில் சென்னையில ஒருத்தர், சேலத்துல ஒருத்தர்னு ஹெச்.எம்.பி.வி. செய்தி வந்து எல்லாரும் பதறினோமே, அதுவும் இதே குடும்பத்து வைரஸ்தான். 2001-லேயே கண்டுபிடிச்சது. அந்தக் கூச்சல்ல பாதி ஆர்.எஸ்.வி.க்குக் கிடைச்சிருக்கலாம்!

சரி, மலைக்கு வருவோம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். நல்லா இருக்கிற குழந்தைக்கு இது பெரிய விஷயமில்லை. ஏற்கெனவே மூச்சுக்குழாய் அடைச்ச குழந்தைக்கு, கைவசம் இருக்கிற கொஞ்சம் ஆக்சிஜனும் குறையுது.

இதுல ஒரு கணக்கு இருக்கு. இந்த நோய் முதல் நாள் வெறும் மூக்கொழுகல். மூணாவது நாள்ல இருந்து அஞ்சாவது நாளுக்குள்ளதான் உச்சத்துக்குப் போகும். வெள்ளிக்கிழமை ராத்திரி லேசா மூக்கு ஒழுகுற பாப்பாவோட நீங்க வண்டி ஏறினா, ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டு மலைப்பாதையில் வண்டி வரிசையில நிக்கும்போது அது உச்சத்துல இருக்கும். இ-பாஸ் எடுக்க மறக்க மாட்டோம். இதையும் ஒரு தடவை யோசிங்க. சளி இருந்தா அந்த வாரம் தள்ளிப் போடுங்க. பூம்பாறை எங்கேயும் ஓடிப்போகாது.

மேலே போன பிறகு ஆரம்பிச்சா? போன்ல ஒரு நிமிஷம் டைமர் வைங்க. பாப்பா அழாம இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குறதை முழு நிமிஷம் எண்ணுங்க. ரெண்டு மாசத்துக்குள்ள 60, ரெண்டு மாசம் முதல் ஒரு வயசுக்குள்ள 50, ஒண்ணுல இருந்து அஞ்சு வயசுக்குள்ள 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே டாக்டர்கிட்ட காட்டணும். எண்ணிக்கை குறைவாவே இருந்தாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதா, பால் குடிக்க முடியலையா, உதடு நீலமாகுதா, மூச்சு நடுவுல நின்னு நின்னு வருதா, காத்திருக்காதீங்க. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டரை மட்டும் நம்பிடாதீங்க. குளிர்ல விரல் ஜில்லுனு இருந்தா அது தப்பாக் காட்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வாங்க? மூக்கைச் சுத்தம் பண்ணுவாங்க, ஆக்சிஜன் வைப்பாங்க, குடிக்க முடியலன்னா குழாய் வழியாப் பாலோ, நரம்பு வழியாத் திரவமோ கொடுப்பாங்க. பெரும்பாலும் அவ்வளவுதான். "ஆன்டிபயாடிக் போடலையா?"ன்னு சண்டை பிடிக்கிற பெற்றோரை நான் வாராவாரம் பார்க்கிறேன். வைரஸை அது ஒண்ணும் செய்யாது. பாக்டீரியாவும் சேர்ந்திருக்குன்னு சந்தேகம் வந்தாத்தான் அதுக்கு வேலை.

அப்புறம், கொடைக்கானல்ல கடைக்குக் கடை விக்கிற யூகலிப்டஸ் தைலம். உங்க முட்டிக்குத் தேய்ச்சுக்குங்க. கைக்குழந்தையோட மூக்குல, நெஞ்சுல வேண்டாம். அது வயித்துக்குள்ள போனா வலிப்பே வரலாம். கற்பூரமும் அப்படித்தான்.

நாம ரெண்டு நாள்ல இறங்கிடுவோம். மன்னவனூர், கூக்கால் மாதிரி மேல்மலை ஊர்க்காரங்களுக்குக் கொடைக்கானலே தூரம். அதுக்கு மேல வசதி வேணும்னா திண்டுக்கல், மதுரைன்னு இன்னும் இறங்கணும். அடுப்புப் புகை இருக்கிற வீட்டுல இந்த நோய் இன்னும் மோசமாகும். தும்மிக்கிட்டே போய் அங்கே யார் வீட்டுப் பாப்பாவையும் தூக்கிக் கொஞ்சாதீங்க. அவசரம்னா 108-ஐக் கூப்பிட்டு மூணு விஷயம் முதல்லயே சொல்லிடுங்க: வயசு, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, கடைசியா எப்போ பால் குடிச்சது.