பதிவிட்டதெல்லாம் பாதுகாத்ததாகுமா?

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புதியது போலத் தோன்றலாம்; ஆயின் அதன் உட்பொருள் மிகப் பழையது. முகநூல் முதலிய சமூக வலைத்தளங்களிலே சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நாம் இட்டுவந்த எழுத்துக்களும் படங்களும் இன்று யார் கையில் இருக்கின்றன? நாளை அவை நமக்குக் கிடைக்குமா? அவற்றுள் வைக்கத்தக்கது எது, களையத்தக்கது எது? இவையே நாம் ஆராய விரும்பும் வினாக்கள்.

"பழைய பதிவுகளிலே என்ன இருக்கிறது? சாப்பாட்டுப் படமும் பகிடியுந்தானே!" என்று வாலிபர் சிலர் கேட்பர். பகிடியும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பகிடிகளுக்கு நடுவே ஊர்க் கோயிலின் தேர்த்திருவிழா இருக்கிறது. பிள்ளைக்கு ஏடு தொடக்கிய நாள் இருக்கிறது. கண்மூடிய அப்பாச்சியின் கடைசிப் படம் இருக்கிறது. படித்த பள்ளிக்கூடத்தின் இடிந்த மண்டபமும், பின்பு எழுந்த புது மண்டபமும் இருக்கின்றன.

இன்னும் ஒன்று சொல்வோம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டதையும், 2009 வரை வன்னி மக்கள் இடம்விட்டு இடம் பெயர்ந்ததையும் பெரியோர் மறவார். காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்தவர்கள் படத் தொகுப்பை எடுக்க முடியாமற் போயிற்று. அவ்வாறு இழந்த கலியாணப் படமும் குடும்பப் படமும் கனடாவிலோ இலண்டனிலோ உள்ள உறவினரிடம் ஒரு பிரதி இருந்தமையால் மீண்டன. அவர்கள் அதை முகநூலில் இட்டார்கள். நாம் பார்த்துக் கண்ணீர் விட்டு, விருப்பக் குறி ஒன்றையும் இட்டுவிட்டு அப்பாற் சென்றோம். இன்று அந்தியேட்டி நாளில் வெளியிடும் கல்வெட்டுக்குப் படம் தேடுவோர் முதலில் திறப்பது இரும்புப் பெட்டியையன்று, முகநூலையே. ஆகவே அங்கே கிடப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. நமது குடும்பங்களின் சரித்திரமும் ஊரின் சரித்திரமும் அங்கே கிடக்கின்றன.

அது பத்திரமான இடமா? நாம் அங்கே கணக்கு வைத்திருக்கிறோமேயன்றி நிலம் வைத்திருக்கவில்லை. குத்தகைக் காணியிலே மாங்கன்று நட்டவன் நிலை நம்முடையது. கன்று நம்முடையதுதான், மண் நம்முடையதன்று. காணிக்காரன் மனம் மாறினால் மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இது கற்பனை அச்சமன்று. ஜியோசிற்றீஸ் என்ற தளத்தில் உலகெங்குமுள்ளோர் தம் கைப்பட ஆக்கிய பக்கங்கள் இருந்தன. 2009 ஒக்டோபரில் அதை யாகூ நிறுவனம் மூடியது. ஓர்குட் 2014 செப்டெம்பர் 30 ஆம் திகதி மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலே பொதுமக்களுக்கு மூடப்பட்டது. யாகூ குழுமங்களிலே தமிழ் பேசுவோர் பலர் கூடி வாதித்த மடல்கள் ஆயிரமாயிரம் இருந்தன. 2019 டிசெம்பரில் அவற்றின் பழைய சேமிப்பு நீக்கப்பட்டு, 2020 டிசெம்பரில் சேவையே நின்றது. மைஸ்பேஸ் நிறுவனம் தன் கணினிகளை மாற்றும்போது பழைய பாட்டுக்களையும் படங்களையும் இழந்துவிட்டதாக 2019 இல் ஒப்புக்கொண்டது.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் வேண்டுமா? திருவிழாவையும் நினைவுக் கூட்டத்தையும் மரணச் சடங்கையும் வெளிநாட்டுச் சொந்தங்கள் காணும்படி முகநூலில் நேரலையாக அனுப்புகிறோம். 2025 பெப்ரவரி 19 முதல் அத்தகைய நேரலைகள் முப்பது நாட்களுக்கு மாத்திரமே அங்கே வைக்கப்படும் என்று அந்நிறுவனம் விதி செய்தது. முன்பு கிடந்த நேரலைகளையும், உரியவர்க்கு அறிவித்துத் தொண்ணூறு நாள் தவணை கொடுத்து நீக்குவதாகவும் சொல்லிற்று. அறிவித்தலைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? இரண்டு ஆண்டுகள் ஒருவரும் திறவாத தனியாள் கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகுள் நிறுவனம் 2023 இல் அறிவித்து, அவ்வாண்டு டிசெம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. இறந்தவரின் கணக்கை யார் திறப்பார்?

இதனால் அந்நிறுவனங்களைப் பழிக்க வந்தோமல்லேம். அவர்கள் வியாபாரிகள், இலாபம் உள்ளவரை கடை திறப்பர். கடைக்காரன் நம் பெட்டகத்தைக் காக்கவில்லையென்று குறை சொல்வது தகாது. பெட்டகத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது நம் கடமை.

வீட்டிற்குக் கொண்டுவந்துவிட்டாற் போதுமா? போதாது. நம்முடைய சொந்த இடத்திலே வைத்தாலும், ஒரே இடத்தில் வைத்தது ஒரே நாளில் அழியும். 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. பிற இடங்களில் பிரதி இருந்த நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. பிரதி இல்லாதவை போயேவிட்டன. மறுபுறம், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியது எவ்வாறு? பல இடங்களிலே பலர் வீட்டுப் பரணில் கிடந்த ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கியே அவர் அப்பணியை முடித்தார். ஏடு செல்லரிக்கும் முன்னே பெயர்த்தெழுதி வைத்த பெயர் தெரியாத பலரின் உழைப்பு அதற்குப் பின்னே நிற்கிறது. பெயர்த்தெழுதுவது அக்காலத்துக் கடமை. பிரதி எடுப்பது இக்காலத்துக் கடமை.

நிற்க. இனிச் செய்யும் முறையைச் சொல்வோம்.

முதலாவது, பிரதி எடுத்தல். முகநூல் 2010 முதலும், கூகுள் 2011 முதலும், டுவிட்டர் 2012 முதலும் தத்தம் பாவனையாளர் தமது பதிவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள வழி செய்துள்ளன. கணக்கின் அமைப்புகள் பகுதியிலே அவ்வழி உண்டு. அங்கே மூன்று இடங்களிற் கவனம் வேண்டும். கால எல்லை கேட்கும். "முழுக் காலமும்" என்பதைத் தெரிக, அன்றேல் அண்மைக்காலப் பதிவுகள் மாத்திரம் வரக்கூடும். படத்தின் தரம் கேட்கும்; உயர்ந்த தரத்தைத் தெரிக. கோப்பின் வகை கேட்கும், எச்.ரி.எம்.எல். என்பதைத் தெரிக. ஜேசன் என்னும் மற்ற வகையில் நமது தமிழ் எழுத்துக்கள் குறியீட்டுக் கூட்டமாக மாறி வாசிக்க முடியாதனவாகும். கோப்பு ஆயத்தமானதும் அறிவித்தல் வரும். அஃது அங்கே சில நாட்களே கிடைக்குமாதலால் தாமதியாது இறக்குதல் வேண்டும்.

இவ்வாறு வருவதில் ஒரு குறையுண்டு. நாம் எழுதியவை வரும். நம் பதிவின் கீழே பிறர் எழுதிய கருத்துரைகள் வாரா. தந்தையார் மறைந்த செய்தியின் கீழே அவருடைய பழைய மாணாக்கர் எழுதிய நினைவுகள் அச்செய்தியிலும் பெறுமதி உடையன அல்லவா? அத்தகைய பக்கங்களை மாத்திரம் ஒவ்வொன்றாகத் திறந்து, கருத்துரைகள் முழுவதையும் விரித்து, பி.டி.எப். கோப்பாகச் சேமிக்க வேண்டும். சிலவற்றைத் தாளிலும் அச்சிடுக. தாளுக்கு மின்சாரமும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

இரண்டாவது, ஒழுங்குபடுத்தல். இறக்கிய கோப்பிலே படங்களின் பெயர் நீண்ட எண்களாக இருக்கும். எண்ணைப் பார்த்து ஆளை அறியலாமா? ஆண்டு வாரியாகப் பிரித்து, முக்கியமான படங்களுக்கு ஆண்டு, இடம், நிகழ்ச்சி, படத்தில் உள்ளோர் பெயர் ஆகிய நான்கையும் எழுதுக. இடமிருந்து வலமாகப் பெயர் எழுதும் நமது பழைய குழுப்பட வழக்கம் இங்கும் உதவும். சென்ற தலைமுறையிற் கணினியில் எழுதியோர் பாமினி முதலிய எழுத்துருக்களைப் பயன்படுத்தினர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். அத்தகைய பழைய கோப்புக்களை யூனிக்கோட் எழுத்துக்கு மாற்றி வைத்தலும் இப்பணியில் அடங்கும்.

மூன்றாவது, பகிர்ந்து வைத்தல். மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்றேனும் வேறிடத்தில் என்பது இத்துறையறிந்தோர் சொல்லும் விதி. வீட்டுக் கணினியில் ஒன்று, புறவன்தட்டில் ஒன்று, வெளியூரிலோ வெளிநாட்டிலோ உள்ள சகோதரரிடம் ஒன்று என்று கொள்ளலாம். சிதறி வாழும் நமக்கு மூன்றாவது பிரதிக்கு இடந்தேடும் கவலை இல்லை! வன்தட்டும் என்றோ ஒரு நாள் பழுதாகும். ஆண்டுக்கொரு முறை திறந்து பார்த்தல் வேண்டும்.

நான்காவது, களைதல். காப்பது என்றால் எல்லாவற்றையும் சந்தியிலே தொங்கவிடுவது என்று பொருளன்று. பதினைந்து வயதிற் கோபத்தில் எழுதிய வசை, இருபத்தைந்து வயதில் உத்தியோகம் தேடும்போது எதிரே வந்து நிற்கும். அமெரிக்க விசா விண்ணப்பத்தில், முந்திய ஐந்தாண்டுகளிற் பயன்படுத்திய சமூக வலைத்தளக் கணக்குகளின் பெயர்களைத் தரவேண்டும் என்ற விதி 2019 இல் வந்தது. மாணவர் விசாக் கேட்போர் தம் கணக்குகளை எவரும் பார்க்குமாறு திறந்து வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. ஆகவே இன்று பூட்டி வைத்தது நாளை திறக்கப்படலாம். பிறர்மேற் சொன்ன வசையையும், இனத்தையோ சமயத்தையோ சாதியையோ இழித்துரைத்ததையும் நீக்குக. அது பயத்தினால் மாத்திரம் அன்று. நல்லவன் செய்யும் காரியம் அதுவாகையால்.

நமக்கு உரியதல்லாததையும் களைக. பிள்ளையின் பிறந்த திகதி, பரீட்சைச் சுட்டெண்ணுடன் கூடிய பெறுபேற்றுத் தாள், அடையாள அட்டைப் படம், தொலைபேசி இலக்கம் ஆகியவை ஏமாற்றுக்காரருக்கு நாம் கொடுக்கும் திறப்புக்கள். பிறர் துயரத்திலோ நோய்ப்படுக்கையிலோ இருந்தபோது எடுத்த படத்தை அவர் சம்மதமின்றி வைத்திருக்க நமக்கு என்ன உரிமை? பழைய பதிவுகள் யாவற்றையும் நண்பர் மாத்திரம் பார்க்கும்படி ஒரேயடியாக மாற்றும் வசதி முகநூலில் உண்டு. பலவற்றைச் சேர்த்துத் தெரிந்து, பிறர் காணாமல் ஒதுக்கி வைக்கவோ நீக்கவோ 2020 இல் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. நீக்கியது முப்பது நாள் குப்பைக் கூடையிற் கிடந்தே அழியும். அதற்குள் மனம் மாறினால் மீட்கலாம். ஆயினும் முதலிற் பிரதி, பின்பு களைதல் என்ற வரிசை மாறலாகாது. வெட்கம் வந்த ஓர் இரவிலே கணக்கு முழுவதையும் அழித்துவிடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகும்.

ஐந்தாவது, நமக்குப் பின். பெரியோர்களே, இதைச் சொல்லத் தயங்கவில்லை. காணிக்கு உறுதி முடிப்பது போன்றதே இதுவும். நாம் மறைந்தபின் நம் கணக்கைப் பார்க்கும் ஒருவரை முன்னரே குறித்து வைக்க முகநூல் 2015 முதல் இடமளிக்கிறது. அவருக்கு அனுமதி கொடுத்திருந்தால் பதிவுகளின் பிரதியை அவர் எடுக்கலாம். நம் அந்தரங்க மடல்களை அவர் வாசிக்க முடியாது. கணக்கு நெடுநாள் செயலற்றிருந்தால் யாருக்கு அறிவிப்பது என்று கூறிவைக்கும் முறையைக் கூகுள் 2013 இல் ஏற்படுத்தியது. இவ்விரண்டையும் செய்யச் சில நிமிடங்கள் போதும். செய்யாவிடின், துக்க வீட்டிலே பிள்ளைகள் கடவுச்சொல்லைத் தேடி அலைவர்.

அன்பர்களே, இவையெல்லாம் தனியொருவர் செய்யத் தொடங்கினால் சலிப்பு வரும். கூடிச் செய்தால் விழாவாகும். ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். நவராத்திரி முடிவிலே புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டி, அடுக்கி, பூசையில் வைக்கின்றோம். அந்த வாரத்திலேயே ஆண்டுதோறும் பிரதி எடுக்கும் நாள் ஒன்றையும் வைத்துக்கொள்வோம். வாலிபர் கணினியையும் வன்தட்டையும் கொண்டு வருக. பெரியோர் தம் ஞாபகத்தைக் கொண்டு வருக. வாலிபர் படத்தைத் திறந்து காட்டுவர், "இவர் யார்?" என்று கேட்பர். பெரியோர் பெயரையும், ஊரையும், அந்நாளின் கதையையும் சொல்வர். விரைவாகத் தட்டெழுதும் விரல்கள் ஒரு தலைமுறையிடம் இருக்கின்றன. எழுதவேண்டிய செய்தி மற்றத் தலைமுறையிடம் இருக்கிறது. இரண்டும் ஒரு மேசையில் அமராவிட்டால், படம் தப்பினாலும் பெயர் தப்பாது. பெயரில்லாத படம் இன்னும் ஐம்பது ஆண்டில் யாருக்கு உறவு?

சங்கத்தின் பழைய கூட்டப் படங்களும் விளையாட்டுப் போட்டிப் படங்களும் உறுப்பினர் பலரின் கணக்குகளிற் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை முதலில் ஒன்றுசேர்ப்போம். வெளியிடத்தக்க மலர்களையும் நூல்களையும் 2005 முதல் இயங்கிவரும் நூலகம் மின்னூலகம் போன்ற பொது நிலையங்களுக்குக் கொடுப்போம். குடும்பத்துக்குரியதைக் குடும்பத்துக்குள்ளே காப்போம்.

இடுவது ஒரு கணம். காப்பது ஒரு கடமை. பொழுதுபோகாத வேளையில் இட்டவையென்று அவற்றை எண்ணாது, நம்மவர் முகமும் சொல்லும் அங்கே இருக்கின்றன என்று எண்ணிச் செயற்படுவோமாக. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தத்தம் கணக்கின் பிரதி ஒன்றை எடுத்துவிட்டு வருவர் என்ற நம்பிக்கையுடன் இப்பேச்சை நிறைவு செய்கின்றோம்.