கணினியில் மோட்டார் ஓட்டிப் பார்ப்போம்

(தோட்ட மாணவர் கூட்டமொன்றில் பேசியது)



ஸ்டோரில் பெரிய மோட்டாரைப் போட்டதும் லைட் கொஞ்ச நேரம் மங்குறதைப் பார்த்திருப்பீங்க. ஏன் அப்படி? ஓடும்போது 30 அம்பியர் எடுக்கும் மோட்டார், கிளம்பும்போது ஆறு மடங்கு, அதாவது 180 அம்பியர் இழுக்கலாம். கம்பியின் தடை 0.1 ஓம் என்றால் 18 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் ஏறக்குறைய 212தான் மிஞ்சும். ஸ்டார்-டெல்டா முறையில் கிளப்பினால் மின்னோட்டம் மூன்றில் ஒன்றாகும். இழப்பும் 6 வோல்ட்தான்.

இந்தக் கணக்கை நொடிக்கு நொடி போட்டு, கோடாக வரைந்து காட்டுபவைதான் மட்லாப், சிமுலிங்க் போன்ற மென்பொருள்கள். அதில் பிழை விட்டால் மோட்டார் எரியாது. யாருக்கும் ஷாக் அடிக்காது.

பெற்றோரே, "அதுக்கெல்லாம் காசு வேணுமே" என்று பிள்ளையை நிறுத்திடாதீங்க. மட்லாப் விலைக்கு விற்பது, உண்மைதான். ஆனால் ஆக்டேவ், சைலாப் இரண்டும் இலவசம். மட்லாபுக்கு எழுதும் சாதாரண கணக்குகள் பெரும்பாலும் ஆக்டேவிலும் ஓடும்.

தம்பி தங்கச்சிமாரே, முதலில் ஓமின் விதியைக் கையால் போட்டுப் பழகுங்க. 0.1க்குப் பதில் 1 என்று தட்டினால், இழப்பு 180 வோல்ட் என்று கணினி கூசாமல் சொல்லும். அந்தப் பிழையைப் பிடிக்க வேண்டியது நம்ம மூளைதான்.

மோட்டாரைத் திருத்த எப்போதும் வெளியாள்தான் வரணுமா? நம்ம லயத்திலிருந்தும் ஒரு பிள்ளை வரட்டும்.