'பசிக்கலைம்மா' என்பது பொய்யா?



நான் மருத்துவர் அல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் தொடர்புத் துறையில் பட்டயம் பெற்றவள். ஆனால், பசி மரத்துப் போனால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். 23 வயதில் முதன்முதலாகக் கேமரா முன் நின்றபோது, "முகம் கொஞ்சம் அகலமாத் தெரியுதே" என்றார் ஒருவர். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டை விட்டேன். முதல் வாரம் வயிறு கத்தியது. மூன்றாவது வாரம் அடங்கிவிட்டது. "சாப்பிட்டியாம்மா?" என்று அம்மா கேட்டால், "பசிக்கலைம்மா" என்பேன். அது பொய்யில்லை! ஒப்பனை செய்யும் அக்கா ஒருவர் அதட்டியதால் நான் நோய்வரை போகவில்லை. எல்லாருக்கும் அப்படி ஓர் அக்கா அமைவதில்லை.

அனோரெக்சியா என்றதும் நாம் கண்ணாடியைத்தான் குறை சொல்கிறோம். ஒல்லியான பெண் தன்னைக் குண்டாகப் பார்க்கிறாள் என்கிறோம். ஆனால், ஹில்டே புரூக் என்ற மனநல மருத்துவர் 1962லேயே இன்னொன்றையும் எழுதினார். பசி, களைப்பு போன்ற உடலின் உட்குறிப்புகளையே இவர்கள் சரியாக அறிவதில்லை என்றார்.

இது சாப்பாட்டோடு நின்றால் பரவாயில்லை. பயம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது. கவலை வயிற்றைப் பிசைகிறது. துக்கம் தொண்டையை அடைக்கிறது. பொறாமையைக்கூட நாம் வயிற்றெரிச்சல் என்றுதானே சொல்கிறோம்? உடல் சொல்வது காதில் விழாத பிள்ளைக்கு மனம் சொல்வதும் பிடிபடாமல் போகலாம். "என்னம்மா செய்யுது?" என்றால் "தெரியலை" என்கிறாள். நாம் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இங்கேதான் ஆபத்து. அனோரெக்சியா நோயாளிகளின் மரணங்களில் ஐந்தில் ஒன்று தற்கொலை என்று, 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011ல் வெளிவந்த அறிக்கை கூறியது. உட்குறிப்புகளை உணராதவர்களிடம் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருப்பதாகவும் சில ஆய்வுகள் கண்டுள்ளன. ஆகவே, எடை ஏறிவிட்டது என்று மட்டும் நிம்மதி அடையாதீர்கள். எடை குறையாமலே சாப்பிட்டு வாந்தி எடுக்கும் பிள்ளைகளும் உண்டு, பையன்களும் உண்டு. "உயிரோடு இருக்க வேண்டாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

உடலை வெளியிலிருந்தே அளந்து பழகியவர்கள் நாம். நம் பள்ளிகளில் 1992ல் தொடங்கிய 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம் நினைவிருக்கிறதா? எடை கூடிய மாணவர்களைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். 'டாஃப்' என்ற மூன்று எழுத்தைத் திருப்பிப்போட்டுப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். 2007ல் அதைக் கைவிட்டார்கள். தீபாவளி விருந்துகளில் மட்டும் அத்தைமார்கள் இன்னும் கைவிடவில்லை.

சிகிச்சையில் பசி வரட்டும் என்று காத்திருப்பதில்லை. நேரம் பார்த்து உணவு கொடுக்கிறார்கள். பதின்ம வயதினருக்கான குடும்பச் சிகிச்சையில் அந்தப் பொறுப்பை முதலில் பெற்றோரிடமே தருகிறார்கள். மயக்கம், எப்போதும் குளிர், மாதவிலக்கு நின்றுபோவது, இவற்றைக் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மனம் உடைந்து நிற்பவர்கள் 1767 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ் அமைப்பை எந்நேரமும் அழைக்கலாம்.

அடுத்து மனநல மருத்துவர் பேசவிருக்கிறார். என் முதல் கேள்வியை இப்போதே வைத்துவிடுகிறேன், டாக்டர்: அடங்கிப்போன பசி திரும்பி வர எவ்வளவு காலம் ஆகும்?