மாதாபர்த் தாய்மார்கள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



போர் என்றதும் படைவீரரை நினைக்கின்றோம், அது முறையே. ஆயினும், அக்காலத்தில் வீட்டையும் ஊரையும் தாங்கி நின்ற உழைக்கும் பெண்களை நாம் எண்ணுவது அரிது. நாம் பிழைக்க வந்து குடியேறிய இக் கச்சு மண்ணிலேயே அவர்கள் வரலாறு ஒன்று உண்டு.

1971 டிசம்பர் 8 அன்று பாகிஸ்தான் விமானங்கள் புஜ் விமானதளத்தின்மீது குண்டு வீசின. ஓடுபாதை சிதைந்தது. அதைச் செப்பனிடப் போதிய ஆட்கள் இல்லை. தளத்தின் தலைவர் விஜய் கார்னிக் உதவி நாடினார். அருகிலுள்ள மாதாபர் கிராமத்திலிருந்து ஏறத்தாழ 300 பெண்கள் வந்தனர்.

பகைவர் கண்ணுக்குத் தெரியாதிருக்க ஓடுபாதையைச் சாணத்தால் மெழுகினர். பச்சைநிறச் சேலை உடுத்தினர். அபாயச் சங்கு ஒலித்தால் ஓடிப் புதர்களில் பதுங்குவர். அடங்கியதும் மீண்டும் கல்லும் மண்ணும் சுமப்பர். முதல் நாள் பசியோடே உறங்கினர். 72 மணி நேரத்தில் வேலை முடிந்தது. நான்காம் நாள் விமானம் மேலெழுந்தது. அரசு அளித்த 50,000 ரூபாயையும் ஊர்ப் பொதுப்பணிக்கே கொடுத்துவிட்டனர்.

இருப்புப்பாதைப் பணியை நாள்தோறும் காணும் நமக்கு, பள்ளம் நிரப்பிச் சமன்செய்வதன் கடுமை தெரியும். நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. கைக்குழந்தையை அண்டை வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்த தாயும் அவர்களுள் இருந்தாள். அக் குழந்தையை ஏந்திக்கொண்ட கைகளும் அந்த ஓடுபாதையை அமைத்த கைகளே அல்லவா? வேலைக்குச் சென்றோர்க்கு இன்று மாதாபரில் நினைவுச்சின்னம் உண்டு. வீட்டில் நின்றோரை யார் அறிவார்?

நம் காலனியிலும் அதுவே நிலை. நாம் இரவுப் பணியில் இருக்க, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். பொங்கல் விழாவிற்கு நூறு பேருக்குச் சமைப்பவரும், பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துக் கற்பிப்பவரும் தாய்மார்களே. ஆனால் நம் சங்க ஏட்டில் நன்கொடை தந்தோர் பெயர் இருக்கிறது. இவர்கள் பெயர் இல்லை. செயற்குழுவிலும் ஒருவரேனும் இல்லை. இது நம் குறையே.

போர் வந்தபின்தான் பெண்களின் வலிமையை அறியவேண்டும் என்பதில்லை. வரும் ஆண்டுச் செயற்குழுவில் தாய்மார்க்குச் சரிபாதி இடம் அளிப்போமாக! சங்க ஏட்டில் அவர்கள் பெயரையும் எழுதுவோமாக!