தூண்டிலுக்கு ஏற்ற உருளை

புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதும் எமக்கு விடுமுறைத் துணை தூண்டிலே. பெங்களூர்த் தமிழராகிய நமக்குக் காவிரி அயலாறன்று. அதில் வாழும் மகசீர் கெண்டை மேனாட்டுச் சால்மனுக்கு இளைத்ததுமன்று. 1946இல் கபினியாற்றில் 120 பவுண்டு நிறையுள்ள ஒன்று பிடிபட்டது.

இத்தகைய பெருமீனுக்கு உருளை தேர்வோர் பளபளப்பை நோக்கலாகாது. 200 கஜமேனும் வலிய நூல் கொள்ளுமா, இழுவைத் தடை சீராக இயங்குமா என்பனவே நோக்கத்தக்கவை. தடையை நூல் தாங்கும் நிறையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இறுக்கலாகாது. ஓடும் வண்டியைப் படிப்படியாக நிறுத்தும் பிரேக்கைப் போன்றது அது. இறுகினால் நூல் அறும். தளர்ந்தால் போராட்டம் நீண்டு, விடுவித்த மீனும் களைப்பால் மாளும். எறியும்போது சுழலும் உருளைமேல் கட்டைவிரல் பதியாவிடில் நூல் சிக்கலாகும்.

முன்னொருநாள் மலிவான உருளையின் தடை இறுகி நூல் அறுந்தது. வாயில் முள்ளோடு மறைந்த மீன் இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது.

காவிரியின் திமில் மகசீர் அழிவின் விளிம்பில் உள்ளதெனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018இல் அறிவித்தது. ஆதலின் சரணாலயத்துள் தூண்டிலிடோம். இசைவுள்ள நீரில் பிடித்ததையும் விரைந்து விடுவோம். நம் மக்களும் அம்மீனைக் காணட்டும்.