பாதிக் குப்பி மயக்க மருந்து

ஆபரேஷன் செலவுன்னா டாக்டர் ஃபீஸ், ரூம் வாடகைதான் நமக்கு ஞாபகம் வரும். நான் தஞ்சாவூர் பக்கம் மயக்க மருந்து டாக்டரா இருக்கேன். இன்னிக்கு, நோயாளி உடம்புக்குள்ள போகாமலே குப்பைக்குப் போற மருந்தைப் பத்திப் பேசலாம்.

புரோபோஃபால்னு ஒரு மருந்து, பால் மாதிரி வெள்ளையா இருக்கும். ஊசியில போட்டா ஒரு நிமிஷத்துக்குள்ள தூக்கம் வந்துடும். 20 மி.லி. குப்பியில 200 மி.கி. இருக்கு. 50 கிலோ எடை உள்ள ஒருத்தருக்கு, கிலோவுக்கு 2 மி.கி.ன்னு வெச்சா 100 மி.கி. போதும். அதுக்கப்புறம் கேஸ் மூலமா மயக்கத்தைத் தொடர்ந்தா, மீதிப் பாதி தேவைப்படாது. இப்படிப் பத்து கேஸ் நடந்தா 100 மி.லி. மிச்சம், அதாவது அஞ்சு முழுக் குப்பி.

"மிச்சத்தை அடுத்தவருக்குப் போடலாமே?"ன்னு கேப்பீங்க. கூடவே கூடாது. அந்த மருந்துல சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் இருக்கு. கிருமி ஒண்ணு உள்ள போனா வேகமா பெருகும். லாஸ் வேகாஸ்ல ஒரு கிளினிக், ஒருத்தருக்கான குப்பியைப் பல பேருக்குப் பயன்படுத்துச்சு. ஹெபடைடிஸ் சி பரவி, 2008ல 40,000 பேருக்கு மேல ரத்தப் பரிசோதனை பண்ணச் சொல்ல வேண்டியதாச்சு. குப்பியைத் திறந்துட்டா, மிச்சத்தைக் கொட்டுறதுதான் சரி. அப்போ சேமிக்கணும்னா, திறக்குறதுக்கு முன்னாடியே யோசிக்கணும்.

இந்தக் காசு யாரோடது? தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்குறது, 1994ல தொடங்கின தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு ரூபாய்னு ஒதுக்கி, ஒரு பாஸ்புக் கொடுப்பாங்க. எடுக்குற மருந்தோட விலை அதுல கழியும். நாம கொட்டுற மருந்தும் கழிஞ்சதுதான்.

டெல்டாக்காரங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்ல. ஜூன் 12ல மேட்டூர் திறந்தாலும், தலைமடையில தேவைக்கு மேல பாய்ச்சினா கடைமடை வயல் காயும். இங்க கடைமடையில நிக்கிறது, அதே பாஸ்புக்ல இருந்து இன்சுலினும் ஆன்டிபயாடிக்கும் வாங்க வேண்டிய ஆளு.

சரி, என்ன பண்ணலாம்? மூணு விஷயம். ஒண்ணு, 10 மி.லி. குப்பியும் கையில இருக்கட்டும். நம்ம 50 கிலோ ஆளுக்கு அது கச்சிதமா போதும். ரெண்டு, பி.பி. இறங்கினா தேவைப்படும்னு காலையிலேயே சிரிஞ்சுல ஏத்தி வெச்சு, சாயங்காலம் கொட்டுற மருந்துகள். உடனே வேணும்ங்கிறதை மட்டும் ஏத்துவோம். மத்தது ஆம்பியூலா ட்ரேயில, கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்.

மூணாவது கேஸ். நோயாளி வெளிய விடுற மூச்சுல இருக்குற கரியமில வாயுவை மட்டும் எடுத்துட்டு, மயக்க வாயுவைத் திரும்பக் கொடுக்க மெஷினுக்குத் தெரியும். ஆரம்பத்துல கொஞ்ச நேரம் வேகமா கொடுத்துட்டு, அப்புறம் நிமிஷத்துக்கு 6 லிட்டரை 2 லிட்டரா குறைச்சா, செலவாகுற மயக்க மருந்தும் ஏறக்குறைய மூணுல ஒரு பங்காகும். மானிட்டர்ல அளவைப் பாத்துக்கிட்டே பண்ணணும், அவ்வளவுதான்.

இது எதுலயும் நோயாளிக்குப் போற மருந்து ஒரு சொட்டுகூடக் குறையாது. உங்க வீட்ல யாருக்காவது ஆபரேஷன்னா, "குப்பியைப் புதுசாத்தானே திறக்குறீங்க?"ன்னு தயங்காம கேளுங்க. அதைக் கேட்டா நல்ல டாக்டர் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.